கிரெட்டா என்றால் எந்தக் கிரெட்டா?

"கிரெட்டாவுக்கு முன்பக்க பம்பர் கிடைக்குமா?" என்று தொலைபேசியில் கேட்பவரிடம் "எந்தக் கிரெட்டா?" என்று கேட்டால், பெரும்பாலும் "2020 மாடல்" என்பது போன்ற ஒரு பதில்தான் வருகிறது. பழுதுபார்க்கும் பணிமனை நடத்தும் எனக்கு இந்தப் பதில் போதாது. ஏனென்றால் 2020ஆம் ஆண்டில் மட்டும், ஒன்றின் பம்பர் மற்றொன்றில் பொருந்தாத இரண்டு வேறு ஹூண்டாய் கிரெட்டா கார்கள் இந்தியச் சாலைகளுக்கு வந்தன. தன்னுடைய வண்டி எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதை உரிமையாளரே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது, தெரியாததால் பணத்தையும் சில நேரங்களில் எஞ்சினையும் இழந்தவர்களை நேரில் பார்த்ததால்தான்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் ஆலையில் தயாராகும் கிரெட்டா, இந்தியாவில் 2015 ஜூலையில் விற்பனைக்கு வந்தது. 2018 மே மாதம் அதன் முகம் மாறியது. 2020 மார்ச் 16 அன்று இரண்டாம் தலைமுறை வந்தது. 2024 ஜனவரியில் அந்த இரண்டாம் தலைமுறையின் முகம் மாறியது. தலைமுறை மாறுகிறது என்றால் உடற்கூடு, கதவுகள், கண்ணாடிகள், எஞ்சின், மின்கம்பி அமைப்பு என்று அடிப்படையே மாறுகிறது என்று பொருள். முகமாற்றம் என்றால் கிரில், பம்பர், விளக்குகள், உள்ளே சில வசதிகள் ஆகியவை மாறுகின்றன, உடற்கூடு அதேதான். ஆகவே நாம் பார்ப்பது நான்கு முகங்கள் என்றாலும் தலைமுறைகள் இரண்டுதான். 2018 வண்டியை "இரண்டாம் தலைமுறை" என்றும் 2024 வண்டியை "மூன்றாம் தலைமுறை" என்றும் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு.

கண்ணால் அடையாளம் காண விரும்புபவர்கள் முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் பழக்கம். இரண்டாம் தலைமுறையில் கூரையின் ஓரத்தை ஒட்டி ஓடிப் பின் கதவுக்குப் பின்னால் சரிந்து இறங்கும், பெரும்பாலும் வெள்ளிநிறமான ஒரு வளைவு இருக்கும், முதல் தலைமுறையில் அது கிடையாது. முன்பக்கத்தைப் பொறுத்தவரை, 2015 முகத்தில் கிரில்லுக்குக் குறுக்கே பட்டைப் பட்டையாகக் கம்பிகளும், பம்பரின் இரு ஓரங்களிலும் நெட்டுக்குத்தாக நிற்கும் பனிவிளக்குக் குழிகளும் இருக்கும். 2018 முகத்தில் கிரில்லைச் சுற்றிக் குரோம் சட்டம் வந்தது, பனிவிளக்குக் குழிகள் படுக்கைவாட்டில் திரும்பின. 2020இல் விளக்குகள் மேலும் கீழுமாகப் பிரிந்தன, பின்பக்க விளக்குகளும் அப்படியே. 2024இல் பானெட்டின் விளிம்பை ஒட்டி அகலம் முழுவதும் ஓடும் விளக்குக் கோடு வந்தது, உள்ளே இரண்டு திரைகள் ஒரே பலகைபோல் இணைந்தன. டயர் அளவை வைத்துத் தீர்மானிக்க முயல வேண்டாம், 17 அங்குலச் சக்கரத்துக்கான 215/60 அளவு இரண்டு தலைமுறைகளிலும் உண்டு.

ஆனால் முகத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு ஓர் அனுபவம். பள்ளி ஆசிரியர் ஒருவர், கைமாறிய கிரெட்டா ஒன்றை வாங்கி ஒரு மாதம் கழித்து, இடது பக்க ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் கோக்கிறது என்று எங்களிடம் கொண்டுவந்தார். முன்னால் நின்று பார்த்தால் ஐயமில்லாமல் 2018 முகம். பம்பரைக் கழற்றியபோது அதன் உள்விளிம்பில் பெயின்ட் தூவல் ஒழுங்கில்லாமல் படிந்திருந்தது, ஃபெண்டரைப் பிடிக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் பெயர்ந்து ஸ்பானர் தடம் தெரிந்தது, பனிவிளக்குக்குப் போகும் கம்பி தொழிற்சாலைச் சாக்கெட்டில் சேராமல் இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டுப்போடப்பட்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து, அடியில் தைத்திருக்கும் துணிச்சீட்டைப் பார்த்தேன். தயாரித்த ஆண்டு 2016 என்று அச்சிடப்பட்டிருந்தது. "2018 மாடல்னு சொல்லித்தான் சார் கொடுத்தாங்க, ஆர்.சி.யை நான் சரியாப் பார்க்கலை" என்று அவர் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. இரண்டு ஆண்டு வித்தியாசத்துக்கான விலையை அவர் கூடுதலாகக் கொடுத்திருந்தார். பழைய முகத்தைக் கழற்றிவிட்டுப் புதிய முகத்தைப் பொருத்தும் வேலை பல ஊர்களிலும் நடக்கிறது. தன் வண்டிக்கு ஆசைப்பட்டு மாற்றிக்கொள்பவரைக் குறை சொல்வதற்கில்லை. அதை மறைத்து விற்பதுதான் மோசடி.

ஆகவே, வீட்டில் உட்கார்ந்தபடியே சரிபார்க்கக் கூடிய, யாராலும் பெயின்ட் அடித்து மாற்ற முடியாத ஒரு சான்றைச் சொல்கிறேன். ஆர்.சி. அட்டையில் எஞ்சின் கொள்ளளவு, அதாவது சி.சி., என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே 1591 என்றிருந்தால் அது முதல் தலைமுறையின் 1.6 லிட்டர் பெட்ரோல். 1582 என்றால் அதே தலைமுறையின் 1.6 டீசல், 1396 என்றால் 1.4 டீசல். 1497 என்றால் இரண்டாம் தலைமுறையின் 1.5 பெட்ரோல், 1493 என்றால் 1.5 டீசல். 1353 என்பது 2020இல் வந்து 2023இல் நிறுத்தப்பட்ட 1.4 டர்போ பெட்ரோல், 1482 என்பது 2024 முகமாற்றத்தோடு வந்த 1.5 டர்போ பெட்ரோல். இரண்டு தலைமுறைகளுக்கும் பொதுவான ஓர் எண்கூட இதில் இல்லை. காப்பீட்டுப் பத்திரத்திலும் இதே எண் இருக்கும், எம்-பரிவாகன் செயலியில் பதிவெண்ணைக் கொடுத்தும் விவரங்களைச் சரிபார்க்கலாம். 2025 ஜனவரியில் வந்த மின்சாரக் கிரெட்டாவுக்கு மட்டும் இந்த வழி உதவாது, அதற்கு எஞ்சினே இல்லை. அதன் உடற்கூடு இரண்டாம் தலைமுறையினுடையது.

இந்த எண் ஒன்றே போதுமா என்றால், தலைமுறையை அறியப் போதும். ஆனால் 2020ஆம் ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குழப்பம் எல்லாம் அங்கேதான். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற பழைய மாசு விதி) வண்டிகளை விற்கவோ பதிவுசெய்யவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே உத்தரவிட்டிருந்தது. முதல் தலைமுறைக் கிரெட்டா பி.எஸ். 4, இரண்டாம் தலைமுறை பி.எஸ். 6. அதனால் 2020 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கையிருப்பில் இருந்த பழைய வண்டிகளைத் தள்ளுபடி கொடுத்து விற்று முடிக்கும் அவசரம் விற்பனையகங்களில் இருந்தது. அதே மார்ச்சில் புதிய தலைமுறையும் வந்துவிட்டது. மாதக் கடைசியில் ஊரடங்கு வந்து பதிவுகள் நின்றன. மார்ச் 31க்கு முன் விற்று மின்னணுத் தளத்தில் ஏற்றப்பட்டிருந்த பி.எஸ். 4 வண்டிகளைப் பதிவுசெய்ய, தில்லி வட்டாரம் நீங்கலாக, உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் மாதத்தில் அனுமதித்தது. இதன் விளைவாக, 2019இல் தயாராகி 2020 பிற்பகுதியில் பதிவான முதல் தலைமுறை வண்டியும் இருக்கக்கூடும். பதிவு ஆண்டையும் தயாரிப்பு ஆண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்பவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் ஆண்டும் தனியாக இருக்கும், மாசு விதி என்ன என்பதும் இருக்கும். மூன்றையும் சேர்த்துப் படியுங்கள்.

சேசிஸ் எண்ணையும் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. பதினேழு இடங்கள் கொண்ட அந்த எண், இருங்காட்டுக்கோட்டையில் தயாரான வண்டி என்றால் எம், ஏ, எல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். இடமிருந்து எண்ணிப் பத்தாவது இடத்தில் உள்ள எழுத்து ஆண்டைக் குறிக்கிறது. எஃப் என்றால் 2015, ஜி என்றால் 2016, எச் என்றால் 2017, ஜே என்றால் 2018, கே என்றால் 2019, எல் என்றால் 2020, எம் என்றால் 2021, என் என்றால் 2022, பி (P) என்றால் 2023, ஆர் என்றால் 2024. ஒன்று, பூச்சியம் ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் ஐ, ஓ, கியூ எழுத்துகளை விட்டுவிடுகிறார்கள். ஆசிரியரின் வண்டியில் அந்த இடத்தில் ஜி இருந்தது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதல் தலைமுறையும் பிறகு இரண்டாம் தலைமுறையும் தயாரானதால், எல் எழுத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம், சி.சி. எண்ணுக்கே திரும்புங்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்பதை, பழைய வண்டி வாங்குபவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

உதிரிப் பாகம் மாறி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஆனால் ஆயில் மாறினால் அப்படி முடியாது. இரண்டாம் தலைமுறை டீசல் கிரெட்டா ஒன்று, புகைக்குழாய் வடிகட்டியின் எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரிகிறது என்று எங்களிடம் வந்தது. அதற்கு முன் வேறோரிடத்தில் சர்வீஸ் செய்த ரசீதை வாங்கிப் பார்த்தேன். "கிரெட்டா டீசல்" என்று மட்டும் எழுதி, முதல் தலைமுறை டீசலுக்கு ஊற்றும் சாதாரண ஆயிலை ஊற்றியிருந்தார்கள், அதுவும் இரண்டு முறை. பி.எஸ். 4 டீசலில் டி.பி.எஃப். எனப்படும் துகள் வடிகட்டி இல்லை. பி.எஸ். 6 டீசலில் இருக்கிறது. அது கரித்துகள்களைப் பிடித்துவைத்து, நெடுஞ்சாலையில் ஓடும்போது கிடைக்கும் கடும் வெப்பத்தில் எரித்துவிடும். ஆயிலில் கலந்திருக்கும் உலோகச் சேர்மங்கள் எரிந்து உண்டாகும் சாம்பலோ எரியாது, வடிகட்டியின் நுண்ணிய அறைகளுக்குள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் இத்தகைய எஞ்சினுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலைக் கையேட்டில் குறிப்பிடுகிறார்கள். ஆயில் டப்பாவின் பின்பக்கத்தில் சி2, சி3 போன்ற தரக்குறியீடு இருக்கும், உங்கள் கையேட்டில் உள்ளதோடு அது பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். அடைத்துப்போன வடிகட்டியை மாற்ற ஆகும் செலவை அந்த உரிமையாளரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

இணையத்தில் பாகம் வாங்குபவர்களுக்கு இன்னொன்று. இந்தோனேசியாவில் 2021 இறுதியில் அறிமுகமான கிரெட்டாவும் இரண்டாம் தலைமுறைதான், ஆனால் அதன் முகம் நம் ஊர் வண்டியினுடையது அல்ல, கிரில்லுக்குள்ளேயே விளக்குகள் ஒளிந்திருக்கும். அந்தப் படத்தைப் பார்த்து "கிரெட்டா இரண்டாம் தலைமுறை கிரில்" என்று வாங்கினால் இங்கே பொருந்தாது. டர்போ பெட்ரோல் வைத்திருப்பவர்கள், 1.4க்கும் 1.5க்கும் ஸ்பார்க் பிளக்கிலிருந்து எல்லாமே வேறு என்பதை நினைவில் வைத்தால் போதும்.

அந்த டீசல் வண்டிக்குப் பிறகு எங்கள் ஜாப் கார்டில் ஒரு மாற்றம் செய்தோம். வண்டியின் பெயருக்குப் பக்கத்தில் மாடல் ஆண்டு எழுதும் கட்டத்தை எடுத்துவிட்டு, சி.சி. எண்ணையும் சேசிஸ் எண்ணின் பத்தாவது எழுத்தையும் எழுதக் கட்டங்கள் போட்டிருக்கிறோம். ஆர்.சி.யைப் பார்த்து அவை இரண்டையும் நிரப்பாமல் ஆயில் டப்பாவைத் திறக்கக் கூடாது என்று எங்கள் பையன்களுக்குச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் எந்தப் பணிமனைக்குப் போனாலும், சாவியைக் கொடுக்கும்போதே "இது 1493 டீசல்" என்று சொல்லி ஜாப் கார்டில் எழுதவைத்துவிடுங்கள்.