தாங்குகிற பிள்ளைக்குத்தான் ஆபத்து

புறநகரில் ஒரு வீடு. பெரியவர்கள் வெளியூர் போயிருக்கிறார்கள், காலையில்தான் திரும்புவார்கள். பதினாறு வயதில் ஐந்து பையன்கள், நடுவில் ஒரு பாட்டில். எட்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். எட்டரைக்குள் இரண்டு பேர் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் நேராக நிற்கிறான், நாக்குக் குழறவில்லை, செல்போனில் பாட்டை மாற்றிக்கொண்டிருக்கிறான். “இவன் ஸ்டெடியா இருக்கான்டா, செம கெபாசிட்டி” என்று சொல்லி அவன் கிளாஸில் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறார்கள்.

காட்சி கற்பனைதான். ஆனால் அந்த ‘ஸ்டெடி’ என்ற சொல்லில் இருக்கும் ஆபத்து நிஜம். அவன் உடம்புக்குள் அப்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால் அது புரியும்.

மதுவில் போதை தருவது எத்தனால். மிகச் சின்ன மூலக்கூறு. தண்ணீரில் கரையும், செல்களின் கொழுப்புச் சவ்வையும் தாண்டும். அதனால் ரத்தத்தில் இருக்கும் பல பொருள்களை மூளைக்குள் விடாமல் தடுக்கும் அரண் இதைத் தடுப்பதில்லை. குடித்ததில் ஐந்தில் ஒரு பங்கு இரைப்பையிலேயே ரத்தத்தில் கலக்கிறது, மீதி சிறுகுடலில். வயிறு காலியாக இருந்தால் சிறுகுடலுக்குச் சீக்கிரம் போய்விடும். ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொட அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை ஆகலாம். இந்தத் தாமதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பையனிடம் திரும்பி வரும்போது தேவைப்படும்.

மூளையில் நரம்பணுக்களிடம் ‘அடங்கு’ என்று சொல்லும் வேதிப்பொருள் காபா. ‘கிளம்பு’ என்று சொல்வது குளூட்டமேட். எத்தனால் காபாவின் குரலை உயர்த்துகிறது. குளூட்டமேட் சொல்வதை நரம்பணுவின் காதில் விழாமல் செய்கிறது. கூச்சத்தையும் எச்சரிக்கையையும் பார்த்துக்கொள்ளும் பகுதிகள் முதலில் தளர்வதால் ஆரம்பத்தில் உற்சாகம்போலத் தெரியும். அப்புறம் தள்ளாட்டம், நாக்குக் குழறல், தூக்கம்.

தள்ளாட்டமும் தூக்கமும் பார்க்க அசிங்கமாக இருக்கலாம். ஆனால் குடிப்பவரை நிறுத்த வைப்பதே பெரும்பாலும் அவைதான். நாற்பது வயதுக்காரர் கண் சொருகிக் கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். பதின்வயதில் இந்த அறிகுறிகள் மங்கலாகவே வருகின்றன. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் லிண்டா ஸ்பியர் போன்றவர்கள் பல ஆண்டுகளாக எலிகளை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வளரிளம் எலிக்கும் வளர்ந்த எலிக்கும் எடைக்கு ஏற்ப ஒரே அளவு எத்தனால் கொடுத்தால், வளர்ந்தது முதலில் சாயும். இளையது கூடுதல் நேரம் விழித்திருக்கும், தடுமாறுவதும் குறைவு. பிள்ளைகளுக்கு மது கொடுத்துச் சோதிப்பது அறமல்ல என்பதால் மனிதர்களிடம் இந்தத் தகவல் அரிது. ஆனால் 1983-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், 8 முதல் 15 வயதுச் சிறுவர்களுக்கு, பெரியவர்களுக்குப் போதை தரக்கூடிய அளவு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வெளிப்பார்வைக்கு அவர்களிடம் எவ்வளவு குறைவான மாற்றம் தெரிந்தது என்று ஆய்வாளர்களே வியந்து எழுதினார்கள். இன்று அப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

வளரிளம் எலிகளின் நினைவாற்றலைச் சோதித்தபோது கதை தலைகீழானது. மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிதான் இன்று நடப்பதை நாளைக்கு நினைவாகப் பதிந்து வைக்கிறது. ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஸ்வார்ட்ஸ்வெல்டரின் குழு செய்த ஆய்வுகளில், இளம் எலிகளின் ஹிப்போகேம்பஸ் வளர்ந்த எலிகளுடையதைவிட எளிதாக எத்தனாலுக்குப் பணிந்தது. ஆக, கால் நிற்கிறது, நினைவு சரிகிறது. கேட்டால் பதில் சொல்வான், சிரிப்பான், வண்டிச் சாவியைக்கூடக் கேட்பான், எதுவும் பதிவாகாது. இதைத்தான் பிளாக்அவுட் என்கிறார்கள். மயங்கி விழுவது வேறு, இது வேறு. 2002-இல் ட்யூக் மாணவர்கள் 772 பேரிடம் எடுத்த கணக்கில், குடித்துப் பழகியவர்களில் 51 சதவீதம் பேர் ஒருமுறையாவது இப்படி நினைவு தப்பியிருந்தார்கள். அந்த நேரத்தில் வண்டி ஓட்டியதாகவும் பொருள்களை உடைத்ததாகவும் பிறகு அடுத்தவர் சொல்லித்தான் சிலருக்குத் தெரிந்தது.

அந்தப் பையனிடம் திரும்புவோம். மணி ஒன்பதேகால். கடைசிக் கிளாஸ் முடிந்து பத்து நிமிடம்தான் ஆகிறது. திடீரென்று சோபாவில் சரிந்து படுத்துவிட்டான். “மட்டை ஆயிட்டான், தூங்கட்டும் விடு” என்கிறார்கள். என்னைப் பதற வைப்பது இந்த வாக்கியம்தான். அவன் குடிப்பதை நிறுத்திவிட்டான், வயிற்றில் இருப்பது நிறுத்தவில்லை. அடுத்த ஒரு மணி நேரத்துக்கு ரத்தத்தில் எத்தனால் ஏறிக்கொண்டே போகலாம். அது மூளைத்தண்டை எட்டும் அளவுக்குப் போனால், நாம் யோசிக்காமலே நடக்கும் வேலைகள் அடங்கத் தொடங்கும்: மூச்சு, உடல் வெப்பம், தொண்டையில் ஏதாவது சிக்கினால் குமட்டி வெளியே தள்ளும் அனிச்சைச் செயல். அந்த அனிச்சைச் செயல் இல்லாதவன் மல்லாந்து படுத்தபடி வாந்தி எடுத்தால், வாந்தி மூச்சுக்குழலை அடைத்துவிடும்.

கல்லீரல் காப்பாற்றாதா? அது தன் வேகத்தில்தான் வேலை செய்யும். சராசரிப் பெரியவரின் கல்லீரல் மணிக்கு 7, 8 கிராம் எத்தனாலைச் சிதைக்கும். 40 சதவீத மது 150 மில்லியில் 47 கிராம் இருக்கிறது. கணக்குப் போட்டால் ஆறு மணி நேரம். காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல், முகத்தில் தண்ணீர் அடிப்பது எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. எழுப்பினால் எழவில்லை, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாக மூச்சு விடுகிறான், இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடிக்கு மேல் இடைவெளி விழுகிறது, உதடு நீலம் பாரிக்கிறது, தோல் சில்லிட்டுவிட்டது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அது வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். வீட்டில் திட்டு விழும் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் போனை எடுக்காமல் இருக்கிறார்கள். எந்த நேரமானாலும் கூப்பிடு, கேள்வியெல்லாம் மறுநாள்தான் என்று முன்கூட்டியே சொல்லி வைத்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தயக்கம் கொஞ்சமாவது குறையும்.

வீட்டு அலமாரியில் மிச்சம் கிடக்கும் மாத்திரைகளும் இதில் சேர்த்திதான். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் மாத்திரைகள் பலவும் அதே காபாவின் குரலைத்தான் உயர்த்துகின்றன. ஓபியாய்டு வகை வலி மாத்திரைகள் வேறு வழியில் போய் மூச்சைத் தணிக்கின்றன. மதுவோடு இவை சேர்ந்தால், தனித்தனியே உயிரைப் பறிக்காத அளவுகூட உயிரைப் பறிக்கலாம்.

சரி, இவ்வளவும் தெரிந்தால் குடிக்க மாட்டார்களா? தெரிந்தும் குடிக்கிறார்கள். அதற்கும் மூளையிலேயே காரணம் இருக்கிறது. 1999-இல் ஜே கீட் என்ற மனநல மருத்துவரின் குழு, பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் எம்.ஆர்.ஐ. எடுத்து, பதின்வயதிலும் மூளை தன்னைத் திருத்தி அமைத்துக்கொண்டே இருக்கிறது என்று காட்டியது. பின்விளைவை எடை போடும் முன்பக்க மூளை கடைசியாக, இருபதுகளின் நடுவில்தான் முதிர்கிறது. ‘இது நல்லாருக்கு, இன்னும் வேணும்’ என்று தூண்டும் டோபமைன் பாதைகளோ பதின்வயதிலேயே முழு வீச்சில் இருக்கின்றன. 2005-இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் ஒரு கணினிக் கார் விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். மஞ்சள் விளக்கு எரிகிறது, நிறுத்துவதா, போவதா? நண்பர்கள் கூட இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் எடுத்த துணிச்சல் ஏறத்தாழ இரட்டிப்பானது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் நண்பர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசமே இல்லை. தனியாக இருக்கும்போது நன்றாக யோசிக்கிற பிள்ளை, கூட்டத்தில் வேறு பிள்ளை. “எங்க பையன் அப்படியெல்லாம் செய்ய மாட்டான்” என்கிற பெற்றோர் பொய் சொல்லவில்லை. தங்கள் முன்னால் இருக்கும் பையனை மட்டும் வைத்துச் சொல்கிறார்கள்.

இந்த வயதில் தொடங்குவது பிற்பாடும் தொடர்கிறது. 1997-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கு மேல் வாழ்வில் எப்போதோ மதுவுக்கு அடிமையானார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் ஏறத்தாழ 10 சதவீதம். சீக்கிரம் தொடங்கியது மட்டுமே காரணம் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. சீக்கிரம் தொடங்க வைத்த வீட்டுச் சூழலும் மரபணுவும்கூடக் காரணமாக இருக்கலாம்.

வசதியான, அமைதியான புறநகரில் இதெல்லாம் நடக்காது என்ற நம்பிக்கையை சுனியா லூதர் என்ற உளவியலாளர் 1999-இலேயே ஆட்டிவிட்டார். அமெரிக்காவில் நகர மையத்தின் ஏழைப் பள்ளி மாணவர்களையும் புறநகரின் வசதியான பள்ளி மாணவர்களையும் அவர் ஒப்பிட்டார். சிகரெட், மது, கஞ்சா, இன்னும் கடுமையான போதைப் பொருள்கள் எல்லாவற்றிலும் புறநகர்ப் பிள்ளைகளே முன்னால் நின்றார்கள். பிற்பாடு அவர் தேடியபோது இரண்டு விஷயங்கள் தென்பட்டன: மதிப்பெண்ணும் சாதனையும் தரும் நெருக்கடி, பெரியவர்களின் அருகாமை இல்லாமை. பள்ளி விட்டு வந்தபின் வீட்டில் யாரும் இல்லாத அந்த மணி நேரங்கள் லேசானவை அல்ல.

பிள்ளையின் மூளைக்குள் இன்னும் முளைக்காத கட்டுப்பாட்டைக் கொஞ்ச காலத்துக்கு வெளியில் இருந்து கொடுத்துப் பார்த்த நாடு ஐஸ்லாந்து. 1998-இல் அங்கே 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதையேறக் குடித்திருந்தார்கள். இருபது வயதுக்குக் கீழ் மது விற்கத் தடை, இளம்பிள்ளைகள் இரவில் பெரியவர் துணையின்றி வெளியே சுற்றக் கட்டுப்பாடு, விளையாட்டுக்கும் இசைக்கும் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய அரசுப் பணம் என ஒவ்வொன்றாகச் செய்தார்கள். ஆண்டுதோறும் பிள்ளைகளிடமே கணக்கெடுத்து, முடிவை அந்தந்தப் பள்ளிப் பெற்றோரிடம் காட்டினார்கள். 2016-இல் அந்த 42 சதவீதம் 5 சதவீதமாக இறங்கியிருந்தது. வார இறுதி இரவுகளில் பெற்றோர்கள் சின்னச் சின்னக் குழுக்களாகத் தங்கள் தெருக்களில் நடந்து, வெளியே நின்ற பிள்ளைகளிடம் நின்று பேசிவிட்டுப் போனார்கள்.