கிரிஃபின் கழுத்தைத் தேய்க்காதீர்கள்

இந்த ஆண்டில் இது மூன்றாவது. தாத்தா வாங்கி வைத்த கிரேக்க வெண்கலத் தலை ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார் ஒருவர். கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்கான கிரிஃபினின் தலை அது. முதலில் எலுமிச்சை, அப்புறம் பித்தளை பாலிஷ், கடைசியில் கம்பிநார். தலை பளபளத்தது. கழுத்தில் ஒரு செதில்கூட மிச்சமில்லை.

கழுகு அலகு, நீண்டு நிற்கும் காது, உச்சியில் குமிழ், திறந்த வாய்க்குள் சுருண்ட நாக்கு. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தின் ஒலிம்பியா கோயில் தலத்திலும் சாமோஸ் தீவிலும் காணிக்கையாக வைத்த கொப்பரைகளைச் சுற்றி இந்தத் தலைகளை ஆணியடித்துப் பொருத்தினார்கள். சாமோஸ் மாலுமிகள் வாணிப லாபத்தில் பத்தில் ஒரு பங்கை, 6 தாலந்தை (தாலந்து பழைய கிரேக்கப் பண அளவு), இப்படியொரு பாத்திரமாக்கி ஹேரா தேவியின் கோயிலுக்குக் கொடுத்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் எழுதியிருக்கிறார். செதில்களைக் கையால் ஒவ்வொன்றாகப் பதித்திருப்பார்கள்.

தயவுசெய்து கேளுங்கள், பச்சை என்றால் அழுக்கு என்று நினைக்காதீர்கள். செம்பில் களிம்பு என்று ஆணவத்துக்கே உவமை சொன்ன மொழி நம்முடையது. களிம்பைக் கண்டால் கை துறுதுறுப்பது புரிகிறது. சமையல் பாத்திரம் என்றால் தேயுங்கள். 2,600 ஆண்டு மண்ணுக்குள் கிடந்த வெண்கலத்தின் கதை வேறு. அதன் மேல்தோல் கனிமமாக மாறிவிட்டது. கொல்லன் பதித்த செதில் இப்போது அந்தப் பச்சைக்குள்தான் இருக்கிறது. அதைச் சுரண்டினால் அடியில் வருவது அவன் கண்ணால் பார்த்தேயிராத உலோகம். அதற்கும் கீழே சுரண்டினால் இன்னும் மோசம்.

“தெஸ்ஸலோனிகி அருங்காட்சியகத்தில் தெர்வேனி கிராத்தர் என்ற பழைய கிரேக்க வெண்கலப் பாத்திரம் பொன்னாக மின்னுகிறதே?” என்று கேட்கிறார்கள். அதன் கலவையில் வெள்ளீயம் அதிகம், பொன்னிறம் அதனால் வந்தது. உங்கள் பாலிஷுக்கு அது சாட்சி ஆகாது.

பயப்பட வேண்டிய பச்சை ஒன்று உண்டு: தொட்டால் உதிரும் வெளிர்ப்பச்சைத் தூள். உலோகத்தை அரிக்கும் குளோரைடு உப்பின் வேலை அது. கழுவாதீர்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரப்பதம் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உடனே பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.

வாங்கும் முன் பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் கேளுங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமே 2025இல் ஒரு கிரிஃபின் தலையை கிரேக்கத்துக்குத் திருப்பித் தந்தது. ஒலிம்பியா அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோனது அது.

ஏற்கெனவே தேய்த்துவிட்டீர்களா? அதோடு நிறுத்துங்கள். தேய்த்த துணியையும் உதிர்ந்த தூளையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். கண்குழியைக் குண்டூசியால் நோண்ட வேண்டாம். பதித்த கண்ணின் துணுக்கு உள்ளே ஒட்டியிருக்கலாம்.