சார்பெட் என்கிற சர்பத்

சார்பெட் என்பது பழச்சாற்றிலோ பழக்கூழிலோ சர்க்கரைப் பாகைக் கலந்து, இடையிடையே கிளறிவிட்டு உறையவைக்கும் இனிப்பு. அதில் பாலும் பாலேடும் சேர்வதில்லை. ஐஸ்கிரீமிலிருந்து அதைப் பிரித்துக்காட்டுவது இதுதான். பழத்துக்குப் பதிலாகத் தேநீர், காபி, ஒயின், மூலிகைச் சாறு என்று எதை வைத்தும் செய்யலாம். பிரெஞ்சுக்காரர்கள் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு ‘சோர்பே’ என்பார்கள். நம் ஊர் உணவகங்களில் சார்பெட், சோர்பெட், சோர்பே மூன்றும் காதில் விழுகின்றன. இங்கே சார்பெட் என்றே எழுதுகிறேன்.

பெயரைக் கேட்டால் ஐரோப்பியச் சரக்கு போலத் தெரியும். ஆனால் பேருந்து நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் விற்கும் நன்னாரி சர்பத்தும் ஐந்து நட்சத்திர விடுதியில் கண்ணாடிக் கிண்ணத்தில் வரும் சார்பெட்டும் ஒரே சொல்தான். ஒன்று நேராக நம்மிடம் வந்துவிட்டது, இன்னொன்று இத்தாலியைச் சுற்றிக்கொண்டு வந்தது.

வேர் அரபு மொழியில் இருக்கிறது. ‘ஷரிப’ என்றால் ‘குடித்தான்’. அந்த ஷ-ர-ப என்ற மூன்றெழுத்து வேரிலிருந்து ‘ஷராப்’ (குடிக்கும் பொருள்), ‘ஷர்பா’ (ஒருமுறை குடிக்கும் அளவு) போன்ற சொற்கள் பிறந்தன. பாரசீகத்தில் அது ஷர்பத் ஆகிப் பழச்சாறும் சர்க்கரையும் சேர்ந்த குளிர்ந்த பானத்தைக் குறித்தது. அங்கிருந்து உருது, இந்தி வழியாகத் தமிழுக்கு வந்தபோது ஷகரம் சகரமானது. சிலர் வாயில் உகரமும் ஒட்டிக்கொண்டு சர்பத்து ஆனது. துருக்கியில் ஷெர்பெத். இத்தாலியர்கள் துருக்கியரிடமிருந்து வாங்கி ‘சொர்பெத்தோ’ என்றார்கள். இத்தாலியில் உறிஞ்சிக் குடிப்பதற்கு ‘சொர்பீரே’ என்றொரு வினைச்சொல் ஏற்கெனவே இருந்தது. ஷகரம் சகரமானதில் அதன் பங்கும் உண்டு என்பார்கள். இத்தாலியிலிருந்து பிரான்சுக்கும், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் போனது.

இந்த வேரின் குடும்பம் பெரியது. இருமல் மருந்தை ‘சிரப்’ என்கிறோமே, அது அரபு ‘ஷராப்’ லத்தீனில் நுழைந்து மாறிய வடிவம். அதே ஷராப் உருதுவில் மதுவைக் குறிக்கிறது. ஆக, குழந்தைக்குக் கொடுக்கும் மருந்தும், கோடையில் குடிக்கும் சர்பத்தும், கஜல்களில் வரும் ஷராபும் ஒரு தாய் பிள்ளைகள். உணவகங்களில் சூப் வகையாக வரும் ‘ஷோர்பா’வையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்கத் தோன்றும். சேர்க்க வேண்டாம். அது பாரசீக ‘ஷோர்’, அதாவது உப்பு என்ற சொல்லிலிருந்து வந்தது. காதுக்கு மட்டும்தான் உறவு.

சரி, குடிக்கும் பொருளுக்கான பெயர் உறைந்த பண்டத்துக்கு எப்படிப் போனது? 1553இல் வெளிவந்த பயண நூலில் பியேர் பெலோன் என்ற பிரெஞ்சுக்காரர் துருக்கிய ஷெர்பெத்துகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அத்தி, பிளம், ஆப்ரிகாட், திராட்சை, தேன் இவற்றால் செய்த பானங்களில் பனியைப் போட்டுக் குளிர்வித்து விற்றார்கள். அதுவும் பானம்தான். பானத்தைப் பனியால் குளிர்விப்பது வேறு, பானத்தையே உறையவைப்பது வேறு. இரண்டாவதற்கு ஒரு தந்திரம் வேண்டும்: உப்பு. பனிக்கட்டியோடு உப்பைச் சேர்த்தால் அது சுழியத்துக்குக் கீழேயும் உருகும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றிலும் இருந்து இழுத்துக்கொள்ளும். சரியான விகிதத்தில் கலந்தால் கலவை மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் வரை இறங்கக்கூடும். அதற்குள் வைத்த பாத்திரத்தில் இருக்கும் சர்க்கரைத் தண்ணீர் உறைந்துதானே ஆக வேண்டும்.

இந்த வித்தை 17ஆம் நூற்றாண்டு இத்தாலியில் சமையற்கட்டுக்குள் வந்தது. நேப்பிள்ஸ் நகரில் பெருவீட்டு விருந்துகளை நிர்வகித்த அந்தோனியோ லத்தீனி 1690களில் இரண்டு பாகங்களாக வெளியிட்ட சமையல் நூலில் சொர்பெத்தோ செய்முறைகள் இருக்கின்றன. நேப்பிள்ஸில் பிறக்கிறவர்கள் எல்லாரும் சொர்பெத்தோ செய்யத் தெரிந்தே பிறக்கிறார்கள் போல என்று அவர் வியக்கிறார். 1686இல் சிசிலிக்காரரான புரொக்கோப்பியோ பாரிஸில் திறந்த காபிக்கடை இந்தப் பண்டத்தைப் பிரெஞ்சுக்காரர்களிடையே பரப்பியது. மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுவந்தார், மெதிச்சி குடும்பத்துக் கேத்தரின் கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போனபோது சமையற்காரர்களோடு கொண்டுபோனார் என்றெல்லாம் இணையத்தில் சுற்றும் கதைகளுக்கு ஆதாரம் கிடையாது. கேத்தரின் கல்யாணம் நடந்தது 1533இல். உறைந்த சொர்பெத்தோவின் செய்முறைகள் அச்சில் வந்ததோ ஒன்றரை நூற்றாண்டு கழித்து.

நம் பக்கம் சர்பத் பானமாகவே தங்கிவிட்டதற்குக் காரணம் ருசி அல்ல, பனி. சிசிலிக்காரர்களுக்கு எட்னா மலையில் பனி இருந்தது. அக்பரின் அரண்மனையில் வெடியுப்புக் கரைசலில் குடுவையைச் சுழற்றித் தண்ணீரைக் குளிரவைத்தார்கள் என்று அவர் ஆட்சியைப் பற்றி எழுதப்பட்ட அயினி அக்பரி என்ற நூல் சொல்கிறது. லாகூருக்கு வடக்கு மலைகளிலிருந்து பனிக்கட்டி வந்ததும் அதில் இருக்கிறது. சென்னைக்கு எந்தப் பனிமலையும் பக்கத்தில் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைத்தான் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பிரெடரிக் டியூடர் என்ற வணிகர் 1833இல் முதலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார், பிறகு சென்னைக்கும் வந்தது. அதைச் சேமிக்க 1840களில் கட்டியதுதான் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ், இப்போது விவேகானந்தர் இல்லம். அந்த விலையில் பனிக்கட்டி வாங்கி யார் சர்பத்தை உறையவைப்பது? மண்பானைத் தண்ணீரில் நன்னாரிப் பாகை ஊற்றி, அரை எலுமிச்சையைப் பிழிந்து, சப்ஜா விதை போட்டுக் குடித்தார்கள். அதில் எந்தக் குறையும் இல்லை.

ஆங்கிலேயர்கள் இதே சொல்லை வேறு வகையில் பிய்த்துப்போட்டிருக்கிறார்கள். பிரிட்டனில் ‘ஷெர்பெட்’ என்றால் நாக்கில் வைத்ததும் பொங்கும் புளிப்பு இனிப்புத் தூள். தண்ணீரில் கரைத்து சர்பத் மாதிரி குடிப்பதற்காக வந்த தூள், பிறகு அப்படியே நக்கித் தின்னும் மிட்டாயாகிவிட்டது. அமெரிக்காவிலோ ஷெர்பெட் என்பது பால்கொழுப்பு 1 முதல் 2 விழுக்காடு வரை சேர்ந்த உறைந்த இனிப்பு. பாலே இல்லாதது சார்பெட். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் அமெரிக்கக் கடையில் பெயரில் உள்ள இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கவனித்து வாங்க வேண்டும்.

இனி தமிழில் என்ன சொல்வது? ஐஸ்கிரீமுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இதழ்களும் பனிக்கூழ் என்று எழுதுகின்றன. இலங்கைத் தமிழர்களிடம் குளிர்களி என்ற சொல் கடைப் பலகை வரை வந்திருக்கிறது. எனக்கு அது பனிக்கூழைவிடப் பிடிக்கும், சொல்லும்போதே கெட்டியாக இருக்கிறது. சார்பெட்டைச் சிலர் ‘பழப்பனிக்கூழ்’ என்கிறார்கள். இது சரிப்படாது. மாம்பழ ஐஸ்கிரீமும் பழப்பனிக்கூழ்தானே? பால் இருக்கிறதா இல்லையா என்ற ஒரே முக்கியமான கேள்விக்கு அந்தச் சொல் பதில் சொல்லவில்லை. தேநீரில் செய்தால் பழமும் இல்லை.

நான் பரிந்துரைப்பது ‘உறைசாறு’. சுடுநீர், ஊறுகாய் போல வினைத்தொகை. அதனால் நடுவில் ஒற்று மிகாது. உறைச்சாறு என்று எழுதினால் தபால் உறைக்குள் ஊற்றிய சாறு ஆகிவிடும். உறைதல் என்ற வினை நமக்கு வீட்டுப் புழக்கத்தில் உள்ளது. மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைகிறது, பால் தயிராக உறைகிறது. சாறு என்பதும் பழத்தைப் பிழிந்தது மட்டும் அல்ல. மிளகுச்சாறு என்று ரசத்தைச் சொல்கிறோம். வைணவ வீடுகளின் சாத்தமுது, சாற்றமுதுதான். கொதிநீரில் இறங்கிய சாரத்துக்கும் சாறு என்ற பெயர் பொருந்துவதால் தேயிலை உறைசாறு, சுக்கு உறைசாறு எல்லாம் தடையில்லாமல் வரும்.

தூய தமிழ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி: ‘சர்பத் ஐஸ்’. பால் ஐஸ், சேமியா ஐஸ், குச்சி ஐஸ் வரிசையில் இயல்பாக உட்கார்ந்துகொள்ளும். சொல் வரலாற்றின்படியும் இதுதான் நேரான மொழிபெயர்ப்பு. தேநீர் என்ற சொல்லே இப்படி உருவானதுதானே? ‘தே’ சீனத்தின் தென்கிழக்குக் கரை வழக்கிலிருந்து கடல்வழியாக வந்தது, ‘நீர்’ நம்முடையது. இப்போது அதைக் கடன் கலந்த சொல் என்று யாரும் நினைப்பதில்லை. எழுத்துக்கு உறைசாறு, அடுப்படிக்கு சர்பத் ஐஸ் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சொல்லைப் புரிந்துகொண்டால் செய்முறையும் புரிந்துவிடும், ஏனென்றால் சார்பெட் என்பது தித்திப்பு கூடிய சர்பத்தை உறையவைப்பதுதான். குளிரில் நாக்குக்கு இனிப்பு மங்கித் தெரியும். குடிக்கும் அளவு இனிப்போடு உறையவைத்தால் சப்பென்று இருக்கும், கல்லாகவும் ஆகிவிடும். தண்ணீர் உறையும்போது சர்க்கரையை வெளியே தள்ளிவிட்டுத்தான் உறைகிறது. தள்ளப்பட்ட சர்க்கரை மிச்சத் தண்ணீரில் சேர்ந்து பாகு கெட்டிப்படுகிறது, அந்தப் பாகு வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியிலும் முழுதாக உறைவதில்லை. கரண்டி இறங்குவது அதனால்தான். எடைக்கணக்கில் மொத்தக் கலவையில் 25 முதல் 30 விழுக்காடு சர்க்கரை வேண்டும், பழத்தில் இருப்பதையும் சேர்த்து. மிகுந்துபோனால் உறையாது, குறைந்தால் பல் உடையும்.

நன்கு பழுத்த மாம்பழக் கூழ் 500 கிராம் என்றால், 100 கிராம் சர்க்கரையை 100 மில்லி தண்ணீரில் கரைத்து ஆறவைத்துச் சேர்த்தால் போதும். தர்பூசணியில் இனிப்பு குறைவு, தண்ணீர் அதிகம். 500 கிராம் சாற்றுக்குத் தண்ணீரே இல்லாமல் 120 கிராம் சர்க்கரை. இரண்டிலும் எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் உண்டு. எலுமிச்சையை விட்டால் மாம்பழம் வெறும் தித்திப்பாக நின்றுவிடும். பன்னீர் திராட்சையை விதையோடு லேசாக வேகவைத்து வடிகட்டினால் நிறமே ஒரு விருந்து. சர்க்கரை சரியா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு: கழுவிய முட்டையைத் தோலோடு சாற்றில் மிதக்கவிட வேண்டும். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மேலே தெரிந்தால் அளவு சரி. மூழ்கினால் இன்னும் சர்க்கரை, அதைவிடப் பெரிதாக மேலே தெரிந்தால் தண்ணீர் சேர்க்க வேண்டும். நீர்த்த சாறுகளுக்கு இது வேலை செய்யும், மாம்பழக் கூழில் ஏமாற்றும்.

தேயிலை உறைசாறுதான் கொஞ்சம் வம்பு பண்ணும். குளிர்ந்ததும் இனிப்போடு சேர்ந்து மணமும் அடங்கிவிடும், எனவே டிக்காஷன் திடமாக வேண்டும். அதற்காகக் கொதிக்கக் கொதிக்க வைத்தால் துவர்ப்புதான் இறங்கும். நேரத்தை நீட்டாமல் இலையைக் கூட்டுங்கள்: 500 மில்லி வெந்நீருக்கு 12 கிராம் தேயிலை, நாலைந்து நிமிடம், வடிகட்டி 170 கிராம் சர்க்கரை. ஆறும்போது சில தேநீர் பால் கலந்தது போல மங்கும். கெட்டுப்போகவில்லை, காஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நீலகிரித் தேயிலை இந்த விஷயத்தில் பேர்பெற்றது, குளிர்ந்தாலும் பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும். அல்லது இலையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவைக்கலாம். துவர்ப்பும் குறையும், மங்கலும் வராது. எலுமிச்சை பிழிந்ததும் நிறம் வெளுக்கும், அது இயல்பு. டீத்தூளில் செய்யும்போது மலிவான பொடித் தூளைத் தவிர்த்து இலைத் தேயிலை வாங்குங்கள். பாலில்லாத டீயில் எந்தக் குறையையும் மறைக்க முடியாது.

உறையவைக்க இயந்திரம் தேவையில்லை. அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, முக்கால் மணிக்கொரு தடவை முட்கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கிளறிவிட்டால் பனித்துகள்கள் பெரிதாக வளராது. சோம்பேறிகளுக்கு (நானும் அந்தக் கட்சி) வேறு வழி: ஐஸ் ட்ரேயில் கட்டியாக உறையவைத்து, பரிமாறும் முன் மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டி, இன்னும் அரைமணி ஃப்ரீசரில் வைப்பது.

எவ்வளவு கிளறியும் மணல்மணலாக வந்துவிட்டால் பெயரை மாற்றிவிடலாம். அப்படி வேண்டுமென்றே சுரண்டி எடுப்பதைச் சிசிலிக்காரர்கள் ‘கிரானிதா’ என்கிறார்கள். தானிய மணியைக் குறிக்கும் ‘கிரானோ’விலிருந்து வந்த பெயர். காலையில் பன்னோடு சாப்பிடுவார்கள். தமிழில் அதற்குப் பொருத்தமான சொல் அரிசிப் பானையிலேயே கிடக்கிறது: குறுணை. குறுணைப்பனி என்று எழுதுங்கள்.