கோவுக்கு எங்கிருந்து வந்தது வென்ட்?

"கோ, வென்ட், கான்" என்று ஆங்கில வகுப்பில் ராகம் போட்டு ஒப்பித்தவர்கள் நாம். கோவும் கானும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டதுமே தெரிகிறது. நடுவில் நிற்கும் வென்ட்டுக்கு மட்டும் அந்தச் சாயல் இல்லை. அது வேறொரு வினைச்சொல்லுக்குப் பிறந்த பிள்ளை.

பழைய ஆங்கிலத்தில் 'வெண்டன்' என்றொரு வினை இருந்தது. திருப்புவது, திரும்புவது என்று பொருள். முறுக்குவதைக் குறிக்கும் 'விண்டன்' அதற்கு நெருங்கிய உறவு. முறுக்கு, திருப்பு, அப்புறம் ஒரு பக்கமாகத் திரும்பிப் போ என்று பொருள் நகர்ந்தது. நமக்கு இது புதிதில்லை. கயிற்றைத் திரிக்கிறோம், ஊர் சுற்றுகிறவன் திரிகிறான்.

வெண்டன் தேய்ந்து 'வெண்ட்' ஆனது. சரி, அதன் இறந்தகாலம்? அனுப்பு என்பதற்கான செண்ட், வளை என்பதற்கான பெண்ட், செலவிடு என்பதற்கான ஸ்பெண்ட் ஆகியவற்றை இறந்தகாலத்தில் சொல்லிப் பாருங்கள். 'வண்டு' என்பதில் வரும் மெல்லிய டகரம் போய், 'பட்டு' என்பதில் வரும் அழுத்தமான டகரம் வந்து உட்காரும். அதே வழியில் வெண்ட், வென்ட் ஆனது. தன் சொந்த வீட்டில் அது முறைப்படி பிறந்த சொல்தான்!

கோ என்ற வினைக்குப் பழைய ஆங்கிலத்திலேயே சொந்த இறந்தகாலம் கிடையாது. 'ஏஓடெ' என்று, அதுவும் வேறு வேரிலிருந்து வந்த சொல், அந்த வேலையைப் பார்த்தது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஏஓடெ வழக்கொழிய, அந்த இடத்தை வென்ட் பிடித்துக்கொண்டது. பிள்ளையைக் கொடுத்துவிட்ட வெண்ட், 'வெண்டெட்' என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டது.

இன்றும் ஆங்கிலக் குழந்தைகள் 'கோ'வோடு வழக்கமான இறந்தகால விகுதியைச் சேர்த்து 'கோட்' என்பார்கள். விதி பிடிபட்டுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் வீட்டிலும் தெருவிலும் வென்ட் ஓயாமல் காதில் விழுகிறது. சில ஆண்டுகளில் அது வென்றுவிடும். அதிகம் புழங்காத வினைகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 2007இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு, பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளை, அதாவது அந்த விதிக்குள் அடங்காத வினைகளை, பின்தொடர்ந்தது. இன்றும் அப்படியே இருப்பவை 98. நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை, பத்து மடங்கு வேகமாக விதிக்குள் வந்துவிடுகிறதாம். நாள்தோறும் புழங்கும் 'ஹெல்ப்' கூடத் தப்பவில்லை. 1611இல் அச்சான ஆங்கில பைபிளில் அதன் பழைய வடிவமான 'ஹோல்பன்' இன்னும் இருக்கிறது.