லீவு போடாத நாட்களின் கணக்கு

எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்ணின் வேலை எங்கே அடிபடுகிறது என்று கேட்டால் பலரும் லீவைத்தான் சொல்வார்கள். ஆனால் லீவு போடாமல் வந்து உட்காரும் நாட்களில்தான் இழப்பு அதிகம். 10 நாடுகளில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இந்நோய் உள்ளவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 10.8 மணி நேர வேலையை இழந்தது தெரியவந்தது. அதில் பெரும்பகுதி, வந்தும் ஒழுங்காக வேலை ஓடாமல் போன நேரம்.

கருப்பையின் உட்புறச் சவ்வைப் போன்ற திசு சினைப்பையிலும் இடுப்புக்குழியிலும் குடல்மேலும் வளர்வதுதான் இந்த நோய். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அதற்குத் தீனி போடுகிறது. அந்த இடங்களில் அழற்சி உண்டாகி, ப்ரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருட்கள் நரம்புகளைச் சீண்டுகின்றன. புது நரம்பிழைகளும் முளைக்கின்றன. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் தண்டுவடமும் மூளையும் சின்னத் தூண்டலைக்கூடப் பெரிய வலியாக எடுத்துக்கொள்ளத் தொடங்கும். அப்புறம் வலி மாதவிடாய் நாட்களோடு நிற்பதில்லை.

வலி மூளையின் கவனத்தைப் பிடுங்கிக்கொள்ளும். வேலைக்கு வேண்டியதும் அதே கவனம்தான். ஒரே மின்னஞ்சலை மூன்றாம் முறை படித்தும் கடைசி வரி மனதில் ஏறாது. கூட்டம் எப்போது முடியும், கழிவறைக்கு எப்போது போகலாம் என்றே நினைப்பு ஓடும். முந்தின இரவு தூக்கமும் கெட்டிருக்கும். கருப்பையில் நார்த்திசுக் கட்டியும் (ஃபைப்ராய்டு) சேர்ந்து உதிரப்போக்கு கூடினால் இரும்புச்சத்து குறைந்து களைப்பு தனியாக வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மெத்தனமாகத் தெரியும், அவ்வளவுதான்.

இதைவிடக் கொடுமை, நோயைக் கண்டுபிடிக்க ஆகும் காலம். 4 முதல் 12 ஆண்டுகள் வரை ஆகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாதாரண ஸ்கேனில் பல நேரம் ஒன்றும் தெரியாது. “பீரியட்ஸ் என்றால் வலிக்கத்தானே செய்யும்” என்ற பதிலே கிடைக்கும். அறிகுறிகள் பலருக்குப் பதின்வயதிலேயே தொடங்கிவிடுவதால், தாமதம் முழுவதும் வேலையில் காலூன்ற வேண்டிய வயதில் வந்து விழுகிறது. பயணம் அதிகமுள்ள பொறுப்பு வேண்டாம், நின்றே செய்யும் வேலை வேண்டாம் என்று அந்தப் பெண்ணே ஒதுங்கிக்கொள்வார். காரணத்தையும் வெளியே சொல்வதில்லை. மாதவிடாய்த் தொந்தரவுகள் பற்றி 2019-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், அதற்காக லீவு எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவர்தான் வேலையிடத்திலோ பள்ளியிலோ உண்மைக் காரணத்தைச் சொல்லியிருந்தார்.

நேரத்தை மாற்றிக்கொள்ளவும் வீட்டிலிருந்து வேலை செய்யவும் விட்டாலே பாதிச் சுமை குறையும். ஸ்பெயின் 2023-இல் மாதவிடாய் விடுப்பைச் சட்டமாக்கியது, நல்ல முயற்சிதான். ஆனால் நோய் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். பெயர் தெரியாத வலியோடு மருத்துவமனைக்கு அலைந்துகொண்டிருப்பவர் அதுவரை தன் சொந்த லீவில்தான் சமாளிக்க வேண்டும்.