தன்னைச் சோதிக்கிறார்கள் என்று காருக்கு எப்படித் தெரிந்தது?

சோதனை அறையில் மட்டும் சுத்தமாக இருந்துவிட்டு, சாலையில் வரம்பை மீறி மாசைக் கக்கும்படி கார்களைச் செய்த ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தின் டீசல் மோசடியைப் பற்றி முன்பு ஒரு கட்டுரையில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கார் ஏமாற்றியது என்கிறீர்கள், சரி. ஆனால் தன்னை இப்போது சோதிக்கிறார்கள் என்பது ஒரு காருக்கு எப்படித் தெரியும்?" ரொம்பச் சரியான கேள்வி. அந்தச் சமயத்தில் வந்த செய்திகளில் அபராதம் எத்தனை கோடி, யார் பதவி விலகினார் என்பதுதான் நிறைய இருந்தது. காருக்குள் என்ன நடந்தது என்பதை யாரும் நிதானமாகச் சொல்லவில்லை. இந்தக் கதையிலேயே எனக்கு ஆகப் பிடித்த பகுதி அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த நிறுவனத்தின் பெயர் எப்படி அவ்வளவு உயரத்துக்குப் போனது என்பதைப் பார்த்துவிடலாம். 1937இல் ஹிட்லர் ஆட்சியில், அரசின் தொழிலாளர் அமைப்பு தொடங்கிய நிறுவனம் அது. காரை வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. சேமிப்பு முத்திரைகளை வாங்கி ஒட்டினால் கார் கிடைக்கும் என்று நம்பி லட்சக்கணக்கான ஜெர்மானியர்கள் பணம் கட்டினார்கள், ஒருவருக்கும் கார் வரவில்லை, போர் வந்தது. போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் போர்க்கைதிகளையும் வதைமுகாம் கைதிகளையும் கட்டாயமாக வேலை வாங்கினார்கள். 1945இல் இடிபாடுகளுக்கு நடுவே அதை மறுபடி ஓட வைத்தவர் ஐவன் ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. அதற்கப்புறம் பீட்டில் காரின் காலம். 1972இல் ஃபோர்டின் மாடல் டி வைத்திருந்த உற்பத்திச் சாதனையை அது தாண்டியது. கடைசி பீட்டில் 2003இல் மெக்சிகோவில் வெளிவந்தபோது மொத்தக் கணக்கு 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இப்படித்தான் "ஜெர்மன்காரன் செய்தால் தப்பாக இருக்காது" என்ற நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியது.

அந்தப் பெயரை வைத்துக்கொண்டு 2009 மாடலிலிருந்து அமெரிக்காவில் "தூய டீசல்" என்று விளம்பரம் செய்து விற்றார்கள். ஜெட்டா டீசலுக்கு அந்த ஆண்டின் பசுமைக் கார் விருதுகூடக் கிடைத்தது. ஆனால் அமெரிக்க விதி கடுமையானது. புகையில் வரும் நச்சு வாயுவான நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்குச் சுமார் 0.043 கிராமுக்கு மேல் போகக்கூடாது. அதே காலத்து ஐரோப்பிய விதியில் டீசல் காருக்கு 0.18 கிராம் வரை அனுமதி இருந்தது, அதாவது நான்கு மடங்கு தாராளம்.

டீசலில் இது ஏன் கஷ்டம்? காற்றை நன்றாக அழுத்திச் சூடாக்கி, அதில் எரிபொருளைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும் என்பது பள்ளியில் படித்ததுதான். அந்தச் சூட்டில், சாதாரணமாக எதோடும் சேராத நைட்ரஜனின் முப்பிணைப்பே உடைந்து ஆக்சிஜனோடு சேர்ந்துவிடுகிறது. பெட்ரோல் காரிலும் இது நடக்கும், ஆனால் அங்கே புகையில் உபரி ஆக்சிஜன் கிட்டத்தட்ட இருக்காது, அதனால் வினையூக்கி அந்த ஆக்சைடைப் பிரித்து நைட்ரஜனாக மாற்றிவிடும். டீசல் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருப்பதால் அந்த வழி அடைபடுகிறது. மற்ற வழிகள் மூன்று. புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே விட்டு எரியும் சூட்டைக் குறைப்பது ஒன்று. நம் மெக்கானிக்குகள் ஈஜிஆர் என்பது இதைத்தான். பேரியம் கலந்த ஒரு பொறியில் ஆக்சைடைப் பிடித்துவைத்து, அவ்வப்போது டீசலைக் கூடுதலாக ஊற்றிச் சுத்தம் செய்வது இன்னொன்று. யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்து, அதிலிருந்து வரும் அம்மோனியாவால் ஆக்சைடை நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றுவது மூன்றாவது.

மூன்றுமே வேலை செய்யும், மூன்றிலும் ஒரு இடைஞ்சல் உண்டு. ஈஜிஆரைக் கூட்டினால் கரி அதிகமாகும், கரி வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொண்டு ஆயுள் குறையும். பேரியம் பொறிக்கு டீசல் செலவு. யூரியாத் தொட்டி அடுத்த சர்வீஸ் வரைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும், நடுவில் நிரப்பச் சொன்னால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். ஆகவே மாசு குறையும், அல்லது காரின் ஆயுளும் மைலேஜும் நன்றாக இருக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் அந்த விலைக்கு வராது. வராததை வந்ததாகக் காட்டத்தான் மென்பொருள்.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் மாசுச் சோதனையைச் சாலையில் செய்ய மாட்டார்கள். காரை ஓர் அறையில் உருளைகள் மேல் நிறுத்தி, சக்கரம் சுழலச் சுழல வண்டி நின்ற இடத்திலேயே "ஓடும்". எந்த விநாடியில் எவ்வளவு வேகம் என்பது முன்கூட்டியே எழுதப்பட்ட அட்டவணை. அமெரிக்காவின் முக்கியமான நகரச் சோதனைக்கு 1,874 விநாடி, ஐரோப்பாவில் அப்போது இருந்த சோதனைக்கு 1,180 விநாடி. எதிரே திரையில் ஒரு கோடு போகும், ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதித்தும் விட்டும் அந்தக் கோட்டின் மேலேயே வேகத்தை வைத்திருக்க வேண்டும். எல்லாக் கார்களையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு, அதனால்தான் அட்டவணையைப் பகிரங்கமாகவே வெளியிட்டிருந்தார்கள். பரீட்சைக்கு வருகிற கேள்வித்தாளை ஆண்டு முழுக்கப் பள்ளிச் சுவரிலேயே ஒட்டிவைத்த மாதிரிதான்.

2017இல் ஜெர்மனியில் போஹும் என்ற நகரில் உள்ள ரூர் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் சான் டியேகோ கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த கணினி ஆராய்ச்சியாளர்கள், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்குள் இருந்த நிரலைப் பிரித்துப் படித்தார்கள். 900க்கும் மேற்பட்ட மென்பொருள் பதிப்புகளை அலசினார்கள். அதில் கண்டுபிடித்த சூழ்ச்சியை முதல்முறை படித்தபோது, இவ்வளவு அறிவை இதற்கா செலவழித்தார்கள் என்று எனக்கு உண்மையாகவே மனம் வலித்தது. ஏனென்றால் அது அத்தனை எளிமையாகவும் அழகாகவும் இருந்தது.

சோதனையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நம்மிடம் சொன்னால் என்ன செய்வோம்? வேகத்தை அட்டவணையோடு விநாடிக்கு விநாடி ஒப்பிடுவோம். அது சரிப்படாது. ஓட்டுநர் மனிதர், ஒரு விநாடி தாமதமாக மிதிப்பார், இரண்டு கிலோமீட்டர் கூடக் குறைய இருக்கும், வேக வரைபடமோ ஏறி இறங்கிப் பல்பல்லாக இருக்கும், ஒப்பீடு தப்பிக்கொண்டே இருக்கும். அவர்கள் வேகத்தை எடுத்துக்கொள்ளவில்லை, கடந்த தூரத்தை எடுத்துக்கொண்டார்கள். தூரம் என்பது வேகத்தின் தொகையீடு, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குதான். கூட்டிக்கொண்டே போகும்போது சின்னச் சின்னப் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஓட்டுநர் இங்கே கொஞ்சம் முந்தினால் அங்கே கொஞ்சம் பிந்துவார், மொத்தத் தூரம் கிட்டத்தட்ட அதேதான். அதுவும் தூரம் குறையவே குறையாது, ஏறும் அல்லது அப்படியே நிற்கும், ஆகவே வரைபடம் வழவழப்பாக வரும்.

அந்த வரைபடத்துக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒடுங்கிய பாதை. வண்டி கிளம்பி இத்தனை விநாடியில் குறைந்தது இவ்வளவு தூரம், அதிகபட்சம் இவ்வளவு தூரம் என்று ஒரு சில எண்களை நினைவில் வைத்திருந்தால் போதும், ஒப்பிடுவதற்குக் கூட்டலும் கழித்தலும்தான் வேண்டும். கார் அந்தப் பாதைக்குள் இருக்கும் வரை "சோதனை நடக்கிறது" என்று எடுத்துக்கொண்டு மாசுக் கட்டுப்பாட்டை முழுதாக நடத்தும். நிஜச் சாலையிலோ ஒரு சிக்னலில் கொஞ்சம் அதிகம் நின்றால் போதும், பாதையை விட்டு வெளியே வந்துவிடும். உடனே யூரியா குறையும், ஈஜிஆர் குறையும். வெவ்வேறு நாட்டுச் சோதனைகளுக்கு வெவ்வேறு பாதைகளையும் அந்த நிரலில் எழுதிவைத்திருந்தார்கள். சத்தத்தைக் குறைக்கும் வசதி என்று தோன்றும்படியான பெயரில் அது உட்கார்ந்திருந்தது. இன்ஜின் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, காற்றழுத்தம் என்ன என்பதையும் கணக்கில் எடுத்தார்கள் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் நோட்டீசில் சொன்னது.

ஸ்டீயரிங்கைக் கவனிக்கும் ஏற்பாடு பிறகு வந்தது, அதன் பின்கதையையும் சொல்ல வேண்டும். 2012 வாக்கில் சில கார்களில் புகைக்குழாய் பாகங்கள் பழுதாகத் தொடங்கின. சாலையில் ஓடும்போதும் சில வண்டிகள் சோதனை நிலையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கின்றனவோ என்று பொறியாளர்கள் சந்தேகப்பட்டார்கள். உருளைமேல் நிற்கும் வண்டியில் யாரும் ஸ்டீயரிங்கைத் திருப்புவதில்லை அல்லவா? திருப்பினால் சாலை, திருப்பாவிட்டால் சோதனை அறை என்று ஒரு அடையாளத்தைச் சேர்த்தார்கள். ஏற்கெனவே விற்ற கார்களுக்கும், வண்டியை மேம்படுத்துகிறோம் என்று சொல்லி வரவழைத்து அதை ஏற்றினார்கள். இது அந்த நிறுவனமே பிறகு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட விஷயம்.

ஒன்று சொல்லிவிட வேண்டும், உருளைமேல் இருக்கிறோம் என்று காருக்குத் தெரிவதே குற்றமில்லை. இரண்டு சக்கரம் சுழன்று மற்ற இரண்டும் அசையாமல் இருந்தால், சறுக்கலைத் தடுக்கும் அமைப்பு பயந்துபோய் பிரேக் போட்டுவிடும், அதனால் அதற்கென ஒரு நிலை நியாயமாகவே தேவை. அதைத் தெரிந்துகொண்டு மாசுக் கட்டுப்பாட்டை மாற்றுவதுதான் குற்றம்.

மாட்டியது எப்படி? தூய போக்குவரத்துக்கான சர்வதேசக் குழு என்ற அமைப்புக்கு, அமெரிக்காவில் ஓடும் டீசல் கார்கள் சுத்தமாக இருப்பதைக் காட்டி ஐரோப்பாவும் இப்படிச் செய்யலாம் என்று சொல்ல ஆசை. அதற்காக மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்திடம் சாலையில் அளக்கும் வேலையைக் கொடுத்தது. டான் கார்டர் தலைமையிலான அந்தக் குழுவில் சென்னையில் பொறியியல் படித்துவிட்டு அங்கே ஆராய்ச்சிக்குப் போன அரவிந்த் திருவேங்கடமும், ஹேமந்த் கப்பன்னாவும், மார்க் பெஷ்ஷும் இருந்தார்கள். 2013இல் காரின் பின்பக்கம் அளவுக்கருவியையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியச் சாலைகளில் ஓட்டினார்கள். ஃபோக்ஸ்வேகனின் இன்னொரு மாடலான பசாட்டை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டிலுக்குப் போய் வர ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் ஓட்டினார்கள். ஜெட்டா வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு கக்கியது, பசாட் 5 முதல் 20 மடங்கு. அதே இரண்டு வண்டிகளும் உருளைமேல் ஒழுங்காகத் தேறின. மூன்றாவதாக அளந்த பிஎம்டபிள்யூ எக்ஸ்5 பெரும்பாலும் வரம்புக்குள்ளேயே இருந்தது. அதுவும் ஜெர்மன் கார்தான், அதுவும் டீசல்தான். ஒரு நாட்டின் பெயரைப் பார்த்து நம்புவதும் சரி, வெறுப்பதும் சரி, இரண்டுமே மூடநம்பிக்கை என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த ஆய்வுக்குக் கொடுத்த பணம் ஒரு லட்சம் டாலர்கூட இல்லை. அதைவிட முக்கியம், சாலையில் அளக்கும் அந்தத் தொழில்நுட்பம் அங்கே வளர்ந்ததற்கு, 1998இல் லாரி இன்ஜின் தயாரிப்பாளர்கள் இதே மாதிரி ஏமாற்றிப் பிடிபட்டு அரசோடு செய்துகொண்ட உடன்பாடு ஒரு காரணம். ஃபோக்ஸ்வேகனே 1970களில் அமெரிக்காவில் இப்படி ஏமாற்றும் ஒரு கருவிக்காக 1,20,000 டாலர் அபராதம் கட்டியிருக்கிறது. உடனடிப் பலன் என்ன என்று கேட்காமல், அளப்பதற்கென்றே ஒரு ஆய்வகத்துக்கு ஆண்டுக்கணக்கில் பணம் கொடுத்து வைத்திருந்ததால்தான் இது வெளியே வந்தது. நம் பல்கலைக்கழகங்களில் கருவி பராமரிப்புக்குப் பணம் கேட்டால் "இதில் புதிதாக என்ன இருக்கிறது" என்று கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மீதிக் கதை தெரிந்ததுதான். ஓராண்டுக்கு மேல் கலிஃபோர்னிய அதிகாரிகளிடம் சாக்குப்போக்குச் சொல்லிவிட்டு, 2016 மாடல்களுக்கு அனுமதி தர மாட்டோம் என்றபோது 2015 செப்டம்பரில் ஒப்புக்கொண்டார்கள். உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்கள். தலைவர் மார்ட்டின் விண்டர்கோர்ன் விலகினார், மொத்தச் செலவு 3,000 கோடி யூரோவைத் தாண்டியது. இந்தியாவில் 3 லட்சத்து 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, வசூலிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

ஐரோப்பாவில் 2017 முதல் புது மாடல்களைச் சாலையிலும் அளக்கிறார்கள், இந்தியாவில் 2023 ஏப்ரலிலிருந்து. சாலையில் அட்டவணை கிடையாது, நெரிசலும் மேடும் வெயிலும் ஒவ்வொரு முறையும் வேறு, ஆகவே அந்த ஒடுங்கிய பாதையை வரைந்து வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் வெப்பநிலையை வைத்து விளையாடலாம். மோசடி செய்த கார்களைச் சரிசெய்வதாகச் சொல்லி ஃபோக்ஸ்வேகன் ஏற்றிய புதிய மென்பொருள் ஒன்றில், 15 முதல் 33 டிகிரி வரையும், 1,000 மீட்டருக்குக் குறைவான உயரத்திலும் மட்டுமே ஈஜிஆர் முழுதாக வேலை செய்தது. இதை எதிர்த்து வழக்கு போட்டவர்கள் ஆஸ்திரியர்கள், அவர்கள் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி 15 டிகிரிக்குக் கீழேதான். இதுவும் சட்டத்துக்குப் புறம்பான ஏமாற்றுக் கருவியே என்று 2022 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. அந்த மென்பொருளுக்கு ஜெர்மனியின் மோட்டார் வாகன ஆணையம் ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்திருந்தது.