ஹாஸ்பிஸ் எப்படி 'நல்வாழ்வு மையம்' ஆனது?

"உங்கள் நல்வாழ்வு வழங்குநரின் தரத்தை எவ்வாறு மதிப்பிடுவது?" இப்படி ஒரு தலைப்பைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கு யோகா வகுப்பும் சத்துமாவும்தான் தோன்றின. உள்ளே போய்ப் படித்தால் விஷயமே வேறு. இனி பிழைக்க மாட்டார் என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட ஒருவரைப் பார்த்துக்கொள்ள வரும் அமைப்பு நல்லதா, கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றிய கட்டுரை அது. அப்படிப்பட்ட அமைப்புக்கு ஆங்கிலத்தில் ஹாஸ்பிஸ் என்று பெயர். அந்தச் சொல் வந்த இடத்திலெல்லாம் 'நல்வாழ்வு', 'நல்வாழ்வு மையம்' என்று போட்டிருந்தது. மொழிபெயர்த்தது எந்திரம். அதை ஒருவரும் படித்துப் பார்க்காமல் வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டதுதான் மனிதர்கள் செய்த வேலை.

ஒருமுறை என்றால் சிரித்துவிட்டு விடலாம். இப்போது எங்கே பார்த்தாலும் இதுதான். தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில், தமிழ் எழுத்தைத் தடையில்லாமல் படிப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், அந்தக் காலத்துத் தமிழ்ப் பாடசாலையில் படித்தவர்கள். இந்தச் சொல் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான். இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஆயாவுக்குக் கணையப் புற்றுநோய். தாத்தா தமிழ் என்றால் ஆசையாகப் படிப்பார் என்று பேரன் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறான். தாத்தா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இவளுக்கு இப்ப எதுக்குப்பா நல்வாழ்வு மையம்? எழுந்து உட்காரவே முடியலையே" என்றார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. எழுதியிருந்ததைத்தான் அவர் படித்தார்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ஹோஸ்பெஸ் என்றால் விருந்தாளி என்றும் பொருள், விருந்தாளியை வரவேற்பவர் என்றும் பொருள். ஹாஸ்பிட்டல், ஹாஸ்டல், ஹோட்டல், ஹாஸ்பிஸ் எல்லாம் அந்த ஒரே வயிற்றில் பிறந்தவை. இடைக்கால ஐரோப்பாவில் ஹாஸ்பிஸ் என்பது யாத்திரிகர்கள் தங்கிப்போகும் சத்திரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அது சாகும் தறுவாயில் இருப்பவர்களைக் கவனிக்கும் இடத்துக்குப் பெயரானது. முதலில் பிரான்சில், பிறகு 1879இல் டப்ளினில் கன்னியாஸ்திரீகள் நடத்திய இல்லத்தில். இன்றைய பொருளுக்கு அடித்தளம் போட்டவர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாக இருந்து, சமூகப் பணியாளராக இருந்து, அப்புறம் டாக்டருக்குப் படித்தவர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். 1979இல் அவர் தென்னாப்பிரிக்கா வந்துபோனதை அடுத்து இங்கும் ஹாஸ்பிஸ்கள் முளைத்தன. கேப் டவுனில் செயின்ட் லூக்ஸ், நம் டர்பனில் ஹைவே ஹாஸ்பிஸ் எல்லாம் எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தவை. வரலாறு இவ்வளவு போதும்.

இனி அந்த 'நல்வாழ்வு'க்கு வருவோம். நல்வாழ்வு நல்ல சொல்தான். தமிழ்நாட்டு அரசில் மக்கள் நல்வாழ்வுத் துறை என்றே ஒன்று இருக்கிறது. தடுப்பூசி, கொசு ஒழிப்பு, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் அதற்குள் அடக்கம். அதாவது நோய் வராமல் காப்பது, வந்தால் குணப்படுத்துவது. ஹாஸ்பிஸ் தொடங்குவதோ குணப்படுத்தும் முயற்சி முடிகிற இடத்தில். ஒரு சொல்லுக்கு நேர் எதிர்ச் சொல்லைப் போட்டுவிட்டு அதற்கு மொழிபெயர்ப்பு என்று பெயர் வைத்தால் என்ன செய்வது? சாவு என்ற சொல்லைத் தவிர்த்து மங்கலமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு நண்பர் வாதாடினார். மங்கல வழக்கு தமிழுக்குப் புதிதல்ல, இலக்கணத்திலேயே இடம் உண்டு. செத்தார் என்னாமல் சிவலோகம் போனார் என்கிறோம், காலமானார் என்கிறோம். ஆனால் காலமானார் என்று கேட்டவர் யாரும் கல்யாண வீட்டுக்குக் கிளம்பிப் போவதில்லையே. மங்கலமாகச் சொன்னாலும் பொருள் போய்ச் சேரவேண்டும். 'நல்வாழ்வு' போய்ச் சேரவில்லை.

அடுத்தது 'மையம்'. இந்தக் காலத்தில் எதற்கும் பின்னால் மையம் என்று ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஹாஸ்பிஸ் என்றால் கட்டடம் என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் ஹாஸ்பிஸ் வேலையில் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது. சிஸ்டர் காரில் வருவார், படுக்கைப் புண் இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பார், மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று கேட்பார், மருமகளுக்கு நோயாளியை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று காட்டித் தருவார். படுக்கை உள்ள ஹாஸ்பிஸ்கள் சில உண்டு, அவற்றிலும் கட்டில்கள் குறைவு. மையம் என்று படித்தவர்கள் என்ன செய்கிறார்கள்? நேரில் போய்க் கட்டடத்தைப் பார்க்கிறார்கள். தரை பளபளக்கிறதா, தோட்டம் இருக்கிறதா, பார்க்கிங் உண்டா என்று பார்த்துத் தரத்தை முடிவு செய்கிறார்கள். பெயர் தப்பானால் கேள்வியும் தப்பாகிவிடுகிறது. என் ஆத்திரத்துக்கு இதுதான் காரணம்.

இதற்கு மாற்றாகத் தனித்தமிழ் அன்பர் ஒருவர் 'விருந்தோம்பகம்' என்று ஒன்றை ஆக்கித் தந்தார். வேரைப் பார்த்து ஆக்கியது, இலக்கணத்திலும் பழுதில்லை. ஆனால் கேட்டவுடன் இலை போட்டுச் சாப்பாடு போடுகிற இடம் என்று தோன்றும். சொல்லின் வேரை மட்டும் பிடித்துக்கொண்டு தமிழாக்கினால் இந்தக் கதிதான். வலியையும் வேதனையையும் குறைக்கும் கவனிப்புக்குப் பேலியேட்டிவ் கேர் என்று பெயர். அந்தப் பேலியேட்டிவ் என்ற சொல் மேலங்கியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்காகப் போர்வைச் சிகிச்சை என்றா சொல்வது?

இன்னொரு கோடியில் 'இறப்போர் இல்லம்', 'மரண விடுதி' என்று எழுதுகிறவர்கள். உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஆனால் பாதி உண்மை. ஹாஸ்பிஸில் சேர்ந்து, வலி அடங்கி, வீட்டுக்குத் திரும்பிப் பல மாதம் இருந்தவர்களும் உண்டு. எய்ட்ஸ் கொடிகட்டிப் பறந்த ஆண்டுகளில் இங்கே ஹாஸ்பிஸ் என்றாலே அந்த நோய்தான் என்று அக்கம்பக்கத்தில் கிசுகிசுத்தார்கள். அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வாசலில் ஹாஸ்பிஸ் வண்டி நிற்கக் கூடாது என்று தள்ளி நிறுத்தச் சொல்கிற குடும்பங்கள் இருக்கும்போது, மரண விடுதி என்று எழுதினால் போன் செய்யக்கூட யாருக்கும் கை வராது.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பேலியேட்டிவ் கேர் என்பதற்கு 'நோய் ஆதரவு' என்று எழுதுகிறார்கள். வீடு தேடிப் போய்ச் செய்யும் சேவை, நல்ல திட்டம். சொல்தான் உறுத்துகிறது. ஆதரவு யாருக்கு? நோய்க்கா, நோயாளிக்கா? நோயாளி ஆதரவு என்றிருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன்.

பேலியேட்டிவ் கேருக்கும் ஹாஸ்பிஸுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும், இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள் மிகுதி. முதல் சொல் எழுபதுகளில் கனடாவில் பிறந்தது. மாண்ட்ரியாலில் பால்ஃபர் மவுண்ட் என்ற டாக்டர், பிரெஞ்சு பேசுகிறவர்கள் காதில் ஹாஸ்பிஸ் என்றால் அநாதை விடுதி போல ஒலிக்கிறதே என்று வேறு பெயர் தேடிப் பிடித்தார். ஆக, இந்தத் துறையின் முக்கியமான பெயர்களில் ஒன்றே மொழிச் சிக்கலில் பிறந்ததுதான். பேலியேட்டிவ் கேரை நோய் கண்டுபிடித்த நாளிலிருந்தே தொடங்கலாம், கீமோதெரபி ஒருபக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் தரலாம். ஹாஸ்பிஸ் பெரும்பாலும் கடைசிக் கட்டத்துக்கு உரியது. முதலாவதற்குத் 'தணிப்பு' என்பது பொருத்தம். காய்ச்சல் தணிந்தது, தாகம் தணிந்தது என்று தினமும் சொல்கிறோம். முருகனின் சினம் தணிந்த இடம் தணிகை என்று காவடி எடுக்கும் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். 'அது தணிக்கும் வாய்நாடி' என்ற குறளில் தணித்தல் என்பது நோயைத் தீர்ப்பது வரைக்கும் போகிறது, சரி. இன்றைய பேச்சில் அது குறைத்தல், அடக்குதல் என்ற அளவில் நின்றுவிட்டது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

கேர் என்பதற்குப் பராமரிப்பு என்று எழுதுகிறார்கள். வடமொழி வழி வந்தது என்பதற்காக அதை நான் ஒதுக்கவில்லை. சாலைப் பராமரிப்பு, லிஃப்ட் பராமரிப்பு என்று சொல்லிச் சொல்லி அதில் கிரீஸ் வாடை ஏறிவிட்டது. 'பேணல்' இருக்கிறது. பேணுதல் என்றால் காப்பது மட்டுமல்ல, மதிப்பது, போற்றுவது எல்லாம் அதற்குள் அடங்கும். ஆகவே பேலியேட்டிவ் கேர் தணிப்புப் பேணல். ஹாஸ்பிஸ் கேர் கடைக்காலப் பேணல். 'கடைசிக் காலத்துல யார் பாத்துக்குவா?' என்பது ஒவ்வொரு வீட்டிலும் கேட்கும் கேள்வி. சொல் அங்கிருந்தே எடுத்தது. (டர்பனில் ஹாஸ்பிஸ் என்றால் பழைய துணியும் புத்தகமும் விற்கும் நிதி திரட்டுக் கடைகள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 'கடைக்காலம்' என்றதும் அங்கே போய்விடாதீர்கள்.)

பேணல் என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்விகள் தாமாக வரும். பேணுவது யார்? எப்போது வருவார்? இரவு இரண்டு மணிக்கு மூச்சு முட்டினால் போனை எடுப்பது சிஸ்டரா, பதிவு செய்த குரலா? மார்ஃபினை யார் எழுதித் தருவார்கள்? இங்கே அது ஆறாம் அட்டவணை மருந்து, டாக்டர் கையெழுத்து வேண்டும், ஒரே சீட்டைக் காட்டி மறுபடி வாங்க முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டில் காலியாகப் போகிறது என்றால் சனி, ஞாயிறுக்கு என்ன வழி? லோட் ஷெடிங் என்று மின்சாரத்தை நிறுத்தினால் ஆக்சிஜன் எந்திரத்துக்கு மாற்று ஏற்பாடு இருக்கிறதா? ஆயாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாயில் வருகிறது என்றால், எங்கே வலிக்கிறது என்று கேட்க யார் உண்டு? இறந்த பிறகு குடும்பத்தை ஒருமுறையாவது வந்து பார்ப்பார்களா, அதோடு கணக்கு முடிந்ததா? ஹாஸ்பிஸின் தரம் என்பது இவைதான். நான் சொன்ன அந்தக் கட்டுரையிலும் இவற்றில் பாதி இருந்தன. 'நல்வாழ்வு வழங்குநர் வலி மேலாண்மை நெறிமுறைகளை வழங்குகிறாரா' என்ற தமிழில் அவை செத்துக் கிடந்தன.

வழங்குநர்! இந்தச் சொல்லைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். பரிசு வழங்கலாம், பிரசாதம் வழங்கலாம். நோயாளியின் வாயைத் துடைத்துவிடுவதை யாராவது வழங்குவார்களா? 'அப்பால் நாற்கூற்றே மருந்து' என்று வள்ளுவர் வகுத்த நான்கில், நோயாளி, தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு உழைச்செல்வான் என்று ஒருவனையும் வைத்தார். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து பணிவிடை செய்கிறவன். தீர்ப்பவன் கைவிரித்த பிறகு மிஞ்சுகிறவன் அவன்தான். அந்தச் சொல்லை இன்றைக்கு எடுத்துப் போடச் சொல்லவில்லை, யாருக்கும் புரியாது. 'ஹாஸ்பிஸ் நடத்துகிறவர்கள்' என்று எழுதினால் போதும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு குறை. அமெரிக்கப் பக்கத்தை அப்படியே தமிழில் இறக்கிவிடுகிறார்கள். நோயாளி ஆறு மாதத்துக்கு மேல் இருக்க மாட்டார் என்று இரண்டு டாக்டர்கள் சான்று தரவேண்டும், மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு பணம் கட்டும், நோயாளி இறந்தபின் குடும்பத்துக்குக் கேள்வித்தாள் வரும், அந்த மதிப்பெண்ணை இணையத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். அத்தனையும் அமெரிக்காவில் உண்மை. இங்கே டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் இருப்பவருக்கு அதனால் என்ன பயன்? இங்கே ஹாஸ்பிஸ்களில் பெரும்பாலானவை நன்கொடையில் ஓடும் தொண்டு அமைப்புகள். 1987இல் தொடங்கிய அவற்றின் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. மருத்துவ நிறுவனங்களின் தரத்தைச் சோதித்து அங்கீகாரம் தரும் கோசாசா என்ற அமைப்பும் இருக்கிறது. ஹாஸ்பிஸுக்குப் போன் போட்டு, கூட்டமைப்பில் உறுப்பினரா, அங்கீகாரம் உண்டா, எந்த ஆண்டு வாங்கியது என்று கேட்கலாம். தமிழில் எழுதுகிறவர் இதை ஒரு வரி சேர்க்கக் கூடாதா?

கடைசியாக எழுத்துக்கூட்டல். தூய்மை பேணுகிறேன் என்று 'ஓசுபிசு' என்று எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள், அதைச் செய்யாதீர்கள். பேச்சில் எல்லோரும் ஹாஸ்பிஸ் என்றுதான் சொல்கிறார்கள், போன் புத்தகத்திலும் அந்தப் பெயரில்தான் தேடுவார்கள். முதல் இடத்தில் 'ஹாஸ்பிஸ் என்னும் கடைக்காலப் பேணல்' என்று எழுதுங்கள். அடுத்த வரியிலிருந்து எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், நல்வாழ்வைத் தவிர.